சீழ் பிடிக்காத புண்

போடிநாயக்கனூர்
2.9.2024

மருதாயிக்கு,

கன்னையன் சொல்லச் சொல்ல, பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பால்ராஜ் எழுதுவது. நலம் விசாரிக்க இந்தக் கடுதாசி இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்ற பிறவிகளைக் காய்ச்சல்கூட அண்டாது.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் கருப்பசாமி கோயிலில் சூடத்தை அணைத்து, இனி இவன் எனக்கு அண்ணன் இல்லை, இவனோடு ஒரு வார்த்தை பேசினால் என் நாக்கு அழுகட்டும் என்று சத்தியம் செய்தாய். அதே தட்டில் நானும் அணைத்தேன். கடுதாசி பேச்சில் சேராது என்று பூசாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இதை எழுதச் சொல்கிறேன். உன் நாக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் நாக்கு இன்னும் சோறு தின்ன வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் பேரன் சின்ராசுக்கு ஜூன் பதினாலாம் தேதி ஆண் பிள்ளை பிறந்தது. பெற்றவள் சுகன்யா, அவளும் உன் புருஷன் வீட்டு வழிப் பேத்திதான். பிள்ளை நல்ல எடை. ஆனால் தொப்புள்கொடி விழவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் பத்து நாளில் விழுவது, இவனுக்கு முப்பத்தோராம் நாள்தான் விழுந்தது. விழுந்த இடம் சிவந்தது. பிறகு காதுக்குப் பின்னால் ஒரு புண். சுற்றிலும் சிவப்பு, நடுவில் கருப்பாய்க் காய்ந்த குழி. ஒரு சொட்டுச் சீழ் இல்லை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது உன் வீட்டில் நான் பார்த்த புண் என்று. சொன்னேன். கிழவன் உளறுகிறான் என்று வீட்டில் சிரித்தார்கள்.

முதலில் பார்த்த டாக்டர், ரத்தத்தில் வெள்ளை அணு அறுபதாயிரம் ஏறிக்கிடக்கிறது, இது ரத்தப் புற்றுநோய் என்றார். அவ்வளவு படித்தும் அவருக்குக் கொடியைப் பற்றிக் கேட்கத் தெரியவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் சுஜிதா என்று ஒரு டாக்டரம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறாள், அவள் ஒருத்திதான், "தாத்தா, கொடி எத்தன நாள்ல விழுந்துச்சு? உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி இப்படி உண்டா?" என்று கேட்டாள். சொன்னேன். மருதாயியின் இரண்டாவது பிள்ளை, ஆண், எண்பத்து மூன்றில் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் பிறந்து முப்பத்து நாலாம் நாள் செத்தது. மூன்றாவது, பெண், எண்பத்தைந்து தையில் பிறந்து ஆனியில் செத்தது. இரண்டுக்கும் கொடி விழவில்லை, இரண்டுக்கும் சீழ் இல்லாத புண். அவள் எழுதிக்கொண்டாள். தாய் கவனிப்பு சரியில்லை, ஏலக்காய் பறித்த கையைக் கழுவாமல் பிள்ளையைத் தூக்குவாள் என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

இந்த நோய்க்கு ஒரே வழி, எலும்புக்குள் இருக்கும் ரத்த விதையை மாற்றுவதுதானாம். சொந்தத்தில் ஒருவருடையது பொருந்த வேண்டும். இங்கே ஒன்பது பேருக்குப் பார்த்தாகிவிட்டது. ஒருவருடையதும் முழுசாகப் பொருந்தவில்லை. நம்முடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. உன் புருஷன் மொக்கையன் என் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். இரண்டு வீட்டு ரத்தமும் கலந்தவன் இனி உன் மகன் சோலை ஒருவன்தான்.

இந்த வாரமே அவனை மதுரைக்கு அனுப்பு. போடி வரை பஸ்சில் வந்து, இங்கிருந்து ரயில் ஏறட்டும். பெற்ற இரண்டைக் காப்பாற்றத் துப்பில்லாதவள், அடுத்தவள் பெற்றதையாவது காப்பாற்று.

கன்னையன்


பூப்பாறை மலை
11.9.2024

கன்னையனுக்கு,

உன் கடுதாசி ஏழு நாள் கழித்துக் கடையில் கிடைத்தது. எனக்கு எழுத யாரும் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பு வரை நான் போனேன். அந்த நாளில் உனக்குப் பள்ளிக்கூடம் போக உடம்பு வணங்கவில்லை, ஓடைக்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தாய்.

உனக்கு ஞாபகம் அதிகம் என்று ஊரே சொல்லும். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் பிறந்தது ஞாபகம் இருக்கிறது. முப்பத்து நாலாம் நாள் செத்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் இருபத்தேழாம் நாள் என்ன நடந்தது என்பது மட்டும் அந்த டாக்டரிடம் சொல்லும்போது மறந்துவிட்டதோ? நான் சொல்கிறேன். பால்ராஜ் உனக்குப் படித்துக் காட்டட்டும். கடையில் நாலு பேர் இருக்கும்போதே காட்டட்டும்.

சிலமலையில் குறி கேட்டாயாம். கொடி விழாத பிள்ளை தாய்மாமனைத் தூக்கிவிடும் என்று குறிகாரன் சொன்னானாம். மறுநாள் காலை லோடு ஜீப்பில் ஏறி எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தாய், இடுப்பில் பாக்குவெட்டியோடு. நான் காலில் விழுந்தேன். "பச்சப்புள்ளண்ணே, தானா விழும்ணே" என்றேன். "விழும் விழும்னு ஒரு மாசம் ஆகப்போகுது. நான் போய்ச் சேந்தப்பெறகு விழுமா?" என்றாய். என் புருஷன் வாசலில் நின்றான், பெண் எடுத்த வீட்டுக்காரனை எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன். நீ வெட்டினாய். பிள்ளை கத்தின கத்தலுக்குப் பக்கத்து லயத்துச் சேச்சிமார் ஓடிவந்தார்கள். நீ பாக்குவெட்டியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "டீ இருக்கா?" என்று கேட்டாய்.

மூன்றாம் நாள் தொப்புள் கருத்தது. வயிறு கல்லானது. ஏழு நாள். அவ்வளவுதான்.

போடிக்குப் போய் ஊரெல்லாம் என்ன சொன்னாய்? மருதாயிக்குச் சுத்தம் கிடையாது, ஏலக்காய்க் கையோடு பிள்ளையைத் தொட்டாள், கொன்றுவிட்டாள் என்று. நம் அம்மா சாகிற வரைக்கும் அதை நம்பினாள். இப்போது அதையே ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் ஏற்றிவிட்டாய்.

சோலை வரமாட்டான். அவன் ஜீப்பு ஓட்டிப் பிழைக்கிறவன். முதுகெலும்பில் துளை போட்டு அவனை முடமாக்கி அனுப்ப நான் பெறவில்லை. உன் வீட்டில் இன்னும் ஒன்பது பேரைத் தேடு.

மருதாயி


போடிநாயக்கனூர்
17.9.2024

மருதாயிக்கு,

உன் கடுதாசியைப் பால்ராஜ் படித்தான். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். சந்தோஷமா?

முதுகில் துளையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஐந்து நாள் ஊசி போட்டு, ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, மிஷினில் விதையைப் பிரித்து, மறு கையில் திருப்பி ஏற்றிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை.

பிள்ளைக்குத் தொடையில் இன்னொரு புண் வந்துவிட்டது. அதனால் போன வாரம் நான் மதுரைக்குப் போனேன். அந்த டாக்டரம்மாவை உட்காரவைத்து, இது என்ன நோய், எனக்கு விளங்குகிற மாதிரி சொல் என்றேன். அவள் சொன்னதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். இதைக் கேட்டால் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

ரத்தத்தில் வெள்ளை அணு என்று ஒரு கூட்டம் ஓடிக்கொண்டே இருக்குமாம். உடம்பில் எங்காவது கிருமி நுழைந்தால், அந்த இடத்து ரத்தக்குழாய்ச் சுவரை எட்டிப் பிடிக்கும். பிடித்து, உருண்டு, நின்று, சுவர் இடுக்கில் உடம்பை நுழைத்து வெளியே போகும். போய்க் கிருமியோடு மல்லுக்கட்டும். அங்கேயே சாகும். அதற்கு ஆயுசே ஒன்றிரண்டு நாள்தான். செத்துக் குவிந்ததுதான் சீழ். நாம் அசிங்கம் என்று துடைத்துப் போடுகிறோமே, அது சண்டை போட்டுச் செத்தவர்களின் பிணம்.

"அப்ப காலைல போடியிலேருந்து மலை உச்சி மெட்டுக்கு ஏறுற ஜீப்பு மாதிரி" என்றேன். "எப்படித் தாத்தா?" என்றாள். "ஒரு ஜீப்புல பதினஞ்சு பேர் ஏறுவாக. அவுகவுக தோட்டம் வந்ததும் எறங்கி வேலைக்குப் போயிருவாக. யாரும் எறங்காம ஜீப்பு மேலயும் கீழயும் ஓடிக்கிட்டே கெடந்தா தோட்டம் என்னத்துக்கு ஆகும்?" என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அதேதான் தாத்தா. ஆனா ஜீப்பு மேல தப்பில்ல. எறங்க வேண்டியவங்களுக்குக் கம்பியப் புடிக்கக் கை இல்ல. கையில்லாமலே பொறந்த அணு. புண்ணுக்குப் பக்கத்துல ஓடும், நிக்க முடியாது" என்றாள்.

அறுபதாயிரம் எப்படி ஏறியது என்று கேட்டேன். போன அணு புண்ணில் வேலையை முடித்துச் செத்தால், அதைத் தின்று துப்புரவு பண்ண வேறொரு அணு இருக்கிறதாம். அது தின்ற பிறகுதான், 'போதும், ஆள் அனுப்பாதே' என்று எலும்புக்குத் தகவல் போகுமாம். இங்கே யாரும் போகவில்லை, யாரும் சாகவில்லை, தகவலும் போகவில்லை. எலும்பு கூறுகெட்டுப்போய் ஆளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் முழுக்கக் கூட்டம், புண்ணில் ஒரு ஆள் இல்லை.

இது அப்பன் வீட்டில் பாதி, ஆத்தா வீட்டில் பாதி ஒளிந்திருந்து, இரண்டும் சேரும்போது பிள்ளைக்கு வருமாம். நாம் அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டோமே, அதனால் சேர்ந்தது.

இப்போது கேள். உன் பிள்ளைக்கும் இதுதான். அந்தக் காலத்தில் பிழைக்க வழியே இல்லை. நான் பாக்குவெட்டியைத் தொடாவிட்டாலும் செத்திருப்பான். உன் பெண்ணின் கொடியை யார் வெட்டினார்கள்? ஒருவரும் தொடவில்லை. அதுவும்தான் செத்தது. ஆகவே நாற்பத்தொரு வருஷம் நீ என்னைக் கொலைகாரன் என்று தூற்றியது பொய். சூடம் அணைத்தது பொய்ச் சத்தியம். டாக்டரே சொல்லியாகிவிட்டது.

மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதற்குப் பதிலாகச் சோலையை அனுப்பு.

கன்னையன்


பூப்பாறை மலை
24.9.2024

கன்னையனுக்கு,

இருந்து இருந்து டாக்டர் வாயால் கையைக் கழுவிக்கொண்டாய்.

சரி, சாகப் பிறந்த பிள்ளைதான். ஒப்புக்கொள்கிறேன். என் பெண்ணின் கொடியை யாரும் வெட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். உண்மை. நீ வந்துவிடுவாயோ என்று கொடி விழுகிற வரை வாசலில் அரிவாள் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் ஐந்து மாசம் இருந்தாள். குப்புற விழுந்தாள். முகம் பார்த்துச் சிரித்தாள். ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் சூடாக இருக்குமென்று அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், என் மூக்குத்தியைப் பிடித்து இழுப்பாள். பையன் முப்பத்து நாலு நாள் இருந்தான். அவன் சிரித்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. சிரிக்கிற வயசு வரவில்லை.

ஐந்து மாசத்தில் முப்பத்து நாலு நாளைக் கழித்தால் எவ்வளவு வரும் என்று பால்ராஜிடம் கேள். அது என்னுடையது. அதைத்தான் நீ வெட்டினாய். உன் உயிருக்குப் பயந்து வெட்டினாய். வெட்டிவிட்டு என் கையை அழுக்கு என்றாய்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என் கை அழுக்கு என்று இருக்கிற வரைக்கும் என் மகன் ரத்தம் அந்த ஆஸ்பத்திரிக்குள் வராது.

மருதாயி


போடிநாயக்கனூர்
8.10.2024

மருதாயிக்கு,

இந்த முறை பால்ராஜிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வது? அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறான்.

நேற்று மதுரைக்குப் போனேன். பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள். கட்டிலில் 'சுகன்யா குழந்தை' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் பேர் வைக்கவில்லை. காதுப் புண் எலும்பு வரை இறங்கிவிட்டது. சுகன்யா என் பக்கம் திரும்பவே இல்லை. சின்ராசுதான் வந்தான். "அப்பு, அந்தப் பெரிய ஆத்தா வரமாட்டேங்குதுல்ல? அப்படி என்னதான் செஞ்சீக அதுக்கு?" என்று கேட்டான். நேராக டாக்டரம்மா அறைக்குள் போனேன்.

"அந்தக் காகிதத்த எடு. தாய் கவனிப்பு சரியில்லன்னு சொன்னேன்ல, அத அடி" என்றேன்.

"தாத்தா, அது நாப்பது வருசக் கதை. வைத்தியத்துக்கு அது தேவையே இல்ல."

"தேவையில்லாததத்தான் எழுதி வச்சிருக்கியா? அடிச்சிட்டு எழுது. இருவத்தேழாம் நாளு தாய்மாமன் பாக்குவெட்டியால கொடிய வெட்டுனான். தாய் கால்ல விழுந்து தடுத்தா. கேக்கல. எழுது."

அவள் எழுதினாள். இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் கைநாட்டு வைக்கிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். வைத்தேன். அவள் மேஜை மையெல்லாம் போச்சு.

பிறகு கேட்டேன். "வெட்டாம இருந்திருந்தா எத்தன நாளு இருந்திருப்பான்?" அவள் என்னைப் பார்த்தாள். சின்னப் பெண்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். "துல்லியமாச் சொல்ல முடியாது தாத்தா. வெட்டுன எடத்து வழியாத்தான் கிருமி போயிருக்கு. இல்லன்னா சில மாசம் இருந்திருக்கலாம்" என்றாள்.

சில மாசம். உன் கணக்கு சரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயலுக்குக் கொடி விழாமல் இருந்தபோது, நூலைக் கட்டி இழுத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் கம்பை எடுத்துக்கொண்டு தொட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பத்து நாள் ஒருவரையும் நெருங்கவிடவில்லை. அப்படியானால் எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. என் வெட்டுதான் அவனைக் கொன்றது என்று எப்போதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் உன் கையைச் சொன்னேன். முப்பத்தாறு வயசு ஆம்பளை, ஏலமூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றுகிறவன், சுண்டுவிரல் நீளம் காய்ந்த கொடியைப் பார்த்து நடுங்கினேன் என்று ஊருக்கு எப்படிச் சொல்வது? அதனால் உன்னைச் சொன்னேன். அந்த நடுக்கத்தில் சம்பாதித்த ஆயுசைத்தான் எழுபத்தேழு வரைக்கும் தின்றுகொண்டிருக்கிறேன். சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் ரத்தத்தில் சும்மா சுற்றுகிறதே ஒரு கூட்டம், அதில் என்னையும் சேர்த்துக்கொள்.

சோலையை அனுப்பு என்று இனிக் கேட்கமாட்டேன். கேட்கிற வாய் இது இல்லை.

கன்னையன்


பூப்பாறை மலை
15.10.2024

கன்னையனுக்கு,

அந்த டாக்டருக்கு நானே போன் போட்டுக் கேட்டேன். உன் வார்த்தையை நம்ப எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. அடித்துவிட்டதாகச் சொன்னாள். புதிதாக எழுதியதைப் படித்துக் காட்டினாள். நீ வைத்த கைநாட்டில் பாதிப் பக்கம் மறைந்துவிட்டது என்றாள். ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறாயா நீ?

காய் பறிப்பு நேரம், இருந்தாலும் சோலை திங்கட்கிழமை இறங்குகிறான். நானும் வருகிறேன். அவன் பொருந்தினால் ஊசி போடுகிற நாள் எல்லாம் அங்கேதான் இருப்பேன். வராந்தாவில் ஒரு கோடியில் நான் இருந்தால் மறு கோடியில் நீ இரு. சத்தியம் சத்தியம்தான்.

பொருந்தவில்லை என்றால் அதுவும் மருதாயி ரத்தத்தின் குற்றம் என்று சொல்ல ஒரு வாய் வைத்திருப்பாய். அதை மூடிக்கொண்டு வா.

உனக்காக வரவில்லை. அந்தச் சுகன்யா என்னிடம் போனில் பேசினாள். பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்டேன். "முகம் பாத்துச் சிரிக்கிறான் ஆத்தா" என்றாள். அதற்காக வருகிறேன்.

மருதாயி


மதுரை, ஆஸ்பத்திரி
12.12.2024, மத்தியானம்

மருதாயிக்கு,

தபாலில் வந்த காகிதம் இல்லை இது. சின்ராசு எழுதுகிறான். நான் வராந்தாவின் இந்தக் கோடியில் இருக்கிறேன். நீ அந்தக் கோடியில் பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாய். குறட்டை இங்கே வரை கேட்கிறது. சின்ன வயசிலும் இப்படித்தான். உன்னால் வீட்டில் ஒருவரும் தூங்கியதில்லை.

சோலையின் விதை ஏற்றி இன்றோடு பத்தொன்பது நாள். இத்தனை நாள் இந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காலையும் மாலையும் எண்ணிக்கை எண்ணிக்கை என்று காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீ அங்கே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாய். நான் இங்கே உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன்.

இப்போதுதான் டாக்டரம்மா ஓடிவந்தாள். ஓடித்தான் வந்தாள். "தாத்தா, காதுப் புண்ணுல சீழ் வச்சிருக்கு!" என்றாள். ஒரு நர்சம்மா கையைத் தட்டினாள். சுகன்யா அழுதாள். இந்த ஆஸ்பத்திரியிலேயே சீழ் கண்டு சிரித்த குடும்பம் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். மஞ்சளாக, ஒரு மிளகு அளவு. அணு நின்றிருக்கிறது, மருதாயி. கம்பியைப் பிடித்து இறங்கி, வேலையைப் பார்த்து, அங்கேயே செத்திருக்கிறது. அது உன் மகன் கொடுத்த ஆள்.

முழுசாகப் பிழைத்துவிட்டான் என்று சொல்லமாட்டேன் என்கிறாள் டாக்டரம்மா. இன்னும் நாள் இருக்கிறதாம். ஆனால் சீழ் சீழ்தான்.

"போய் எழுப்பிச் சொல்லுங்க அப்பு" என்கிறான் சின்ராசு. எப்படி எழுப்புவது? பேசக்கூடாது. தொட்டால் அறைவாய். அதனால் இதை எழுதச் சொல்லி, உன் மடியில் வைத்துவிட்டு வரச் சொல்கிறேன்.

முழித்ததும் படி. மனசுக்குள் படிக்காதே, சத்தமாகப் படி. நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன். இவன் நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன்
கன்னையன்